சைக்கிள் புத்தகத்தில் பதினொரு மேற்படி

1993 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மடுல்சீமை மலையில் தூறல். மூடுபனியில் இருபதடிக்கு அப்பால் நிற்பவர் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் சுவரில் பன்னிரண்டு சைக்கிள்கள் சாத்தியிருந்தன. ஏழுக்கு மணி இல்லை. மூன்றுக்குப் பின் பிரேக் இல்லை. பன்னிரண்டுக்கும் சொந்தக்காரர் பக்கத்தில் இல்லை. இந்தக் கடைசிக் கணக்கைத்தான் நான் அன்று கவனிக்காமல் விட்டேன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் போன வாரம் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. நான் முப்பத்துநான்கு வருடம் வேலை செய்த உள்ளூராட்சி சபையின் வருமானப் பிரிவில், என் பழைய நாற்காலியில், இன்று தர்ஷினி என்ற பெண் இருக்கிறார்.

“ஐயா, சைக்கிளுக்குப் பழையபடி தகடு குடுக்கணும்னு சபையில பேச்சு வந்திருக்கு. பெட்ரோல் இல்லாத காலத்துல எல்லாரும் சைக்கிள் வாங்குனாங்கல்ல, இப்ப அதெல்லாம் களவு போகுது. பதிவைக் கட்டாயமாக்கலாமா வேணாமான்னு பழைய ஆளுங்ககிட்ட எழுதி வாங்கச் சொல்றாங்க. ஒரு பக்கம் போதும்.”

“ஒரு பக்கத்தில அடங்காது.”

“ரெண்டு பக்கம் போனா செயலாளர் படிக்க மாட்டாருங்க.”

“அப்ப நீங்க படிங்க பிள்ளை.”

“என் தலையெழுத்து, நான் படிச்சுத்தானே ஆகணும்” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றிரவு இரண்டு முறை எழுந்து, கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. மனது சரியில்லாவிட்டால் எனக்கு அப்படித்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1984. முதல் இரண்டு வருடம் சந்தையில் நாள் வாடகை வசூல், அடுத்த ஒரு வருடம் நாய்களுக்கான அனுமதி, பிறகு சைக்கிள். பயிற்சி என்று சொல்ல இவ்வளவுதான். அந்தக் காலத்தில் சைக்கிள் வைத்திருப்பவர் வருடத்துக்கு நாலு ரூபாய் கட்டி அனுமதி எடுக்க வேண்டும். ஒரு தகரத் தகடு கொடுப்போம். ஒரு வருடம் வட்டம், மறுவருடம் சதுரம், அதற்கடுத்த வருடம் முக்கோணம். தூரத்தில் வரும்போதே இந்த வருடத் தகடா பழையதா என்று பொலிஸ்காரருக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் சைக்கிளின் நிலைமையை வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும். பசறையிலிருந்து மேலே போகிறவர் சைக்கிளில் ஏறிப் போவதில்லை, தள்ளிக்கொண்டுதான் போவார். இறங்கும்போதுதான் அது வாகனம். நான் ஒருமுறை எண்ணினேன்: ஒன்பது கிலோமீற்றர் வழியில் மிதித்தது இரண்டு, தள்ளியது ஏழு. ஆனால் முதுகில் சுமக்க வேண்டிய மூட்டையைச் சைக்கிள் சுமக்கும். தோட்டத்தில் சைக்கிள் வைத்திருந்தவன் பேக்கரிப் பாண் விற்றான், மரக்கறி ஏற்றினான், பக்கத்துத் தோட்டத்துக்குக் கைக்காசு வேலைக்குப் போனான். தோட்டத்துச் சம்பளம் போதாதவனுக்கு இரண்டாவது சம்பளம் அதுதான்.

பதிவு செய்யும் முறை இது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். மிதிகட்டை சேரும் இடத்துக்கு அடியில் சட்டத்தில் இலக்கம் வெட்டியிருக்கும். அதன்மேல் சேறும் கிறீசும் அரை அங்குலம் ஏறியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல் தூரிகையால் தேய்க்க வேண்டும். இலக்கம் தெரிந்ததும் வாசித்து எழுதக்கூடாது. மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் உரச வேண்டும். தாளில் என்ன பதிகிறதோ அதுதான் இலக்கம். மூன்று என்றும் எட்டு என்றும் கண் ஏமாறும்; பென்சில் ஏமாறாது. பிறகு புத்தகத்தில் ஏழு கட்டங்கள்: தொடர் இலக்கம், சொந்தக்காரர் பெயர், முகவரி, சைக்கிளின் வகை, சட்ட இலக்கம், தகட்டு இலக்கம், ரசீது இலக்கம். தோட்டப் பகுதிக்கென்று தனிப் புத்தகம் இருந்தது. அதைத் தமிழில் நான்தான் எழுதினேன்.

இந்த முறையை எனக்குப் பழக்கியவர் என் மேலதிகாரி ஜாபிர் சேர். பதுளை பஸார்ப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். அவர் மட்டும் கடைக்குப் போகாமல் அரசாங்கத்துக்கு வந்துவிட்டார். காலை ஏழு ஐம்பதுக்கு வருவார். கண்ணாடியைச் சட்டை நுனியில் அல்ல, அதற்கென்று மடித்து வைத்த வெள்ளைத் துணியில் துடைப்பார். ஓரடிக் கட்டை ஒன்றை வரிக்கு அடியில் வைத்து, புத்தகத்தை வரிவரியாக இறக்கிக்கொண்டே படிப்பார். பிழை இருந்தால் கட்டையால் மேசையில் இரண்டு தட்டு. அவ்வளவுதான். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அந்த இரண்டு தட்டுக்கு எங்கள் பிரிவில் ஐந்து பேரும் பயந்தோம். எல்லாரையும் “மகன்” என்பார். அவரைவிட மூத்த காவலாளியையும்கூட. ‘இருக்கு’ என்பது அவர் வாயில் ‘ஈக்கி’ ஆகும்.

சரி, அந்த ஜனவரிக் காலைக்கு வருகிறேன். முதல் நாள் மாலை பஸ்ஸில் போய், தோட்டத்து வாத்தியார் வீட்டில் தங்கியிருந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஆறரைக்குப் பெரட்டு, அதாவது அன்றைய வேலைக்கு ஆள் பிரிப்பது. ஏழு மணிக்கு எல்லாரும் மலையில் நிற்க வேண்டும். எனக்கோ ஒன்பதரைக்கு ஒரே பஸ். அதை விட்டால் மாலைதான். சைக்கிள்களை முதல் நாளே மடுவத்தில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

பெரியண்ணன் கங்காணி குடையோடு வந்தார். நூற்றைம்பது பேருக்கு வேலை பிரிப்பவர். தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவரும் அவரே.

“கிளாக்கரய்யா, இவனுங்களை ஒவ்வொருத்தனா வரிசையில நிப்பாட்டினா அரை நாள் பேரு போயிரும். பாவம். நான் எல்லார்கிட்டயும் நாலு நாலு ரூவா வசூல் பண்ணிட்டேன். எம் பேருலேயே போட்டுருங்க. எல்லாம் நம்ம ஆளுங்கதான்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. வரிசையில் நின்றால் அரை நாள் சம்பளம் போகும். தோட்டத்தில் இது வழக்கமும்கூட. கடிதம் வந்தால் தோட்டத்து ஆபிசுக்கு. விண்ணப்பம் போனால் கங்காணி கையால். லயம் என்பது காம்பரா என்ற ஒற்றை அறை வீடுகள் ஒட்டிய வரிசை; அதற்கு வீதி இல்லை, கதவிலக்கம் இல்லை. முகவரிக் கட்டத்தில் எழுத எதுவும் இல்லாத ஆளுக்குத் தெரிந்த ஒருவர் பெயரைப் போடுவதுதான் எல்லாரும் செய்தது.

பன்னிரண்டு சைக்கிளையும் கவிழ்த்தேன். பன்னிரண்டு இலக்கத்தையும் உரசி எடுத்தேன். ஒன்றும் பிழையில்லை. முதல் வரியில் ‘கே. பெரியண்ணன், மேற்பிரிவு’ என்று எழுதினேன். அடுத்த பதினொரு வரியிலும் பெயர்க் கட்டத்தில் ‘மேற்படி’. ஒரே ரசீது கிழித்துக் கொடுத்தேன். மணி எட்டு ஐம்பது. பஸ்ஸில் இடம் கிடைத்தது.

ஒன்பது மாதம் கழித்து, அக்டோபரில், மாரியாயி என்ற பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அந்தத் தோட்டம்தான். கொழுந்தெடுப்பவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எம் புருசன் சன்னாசியைப் பொலிஸ்ல வச்சிருக்காங்கய்யா. சைக்கிள் களவாண்டானாம்.”

“யாருடைய சைக்கிள்?”

“அவருதுதான்! சொந்தச் சைக்கிளை எவனாவது களவாணுவானா? நாலு ஆடு வளத்து வித்து, பசறை டோபிக்கிட்ட வாங்குனது. டோபியும் செத்துப் போயிட்டாரு. இப்பக் கங்காணி தன்னுதுங்கிறாரு. ரசீது அவருகிட்ட இருக்காம். உங்க புத்தகத்துலயும் அப்புடித்தான் இருக்காம். பாத்துச் சொல்லுங்கய்யா, அப்புடியா இருக்கு?”

விஷயம் இதுதான். சன்னாசி இரண்டு மாதத்துக்கு முன் சங்கம் மாறியிருந்தார். கங்காணிக்கு அது பொறுக்கவில்லை. முதலில் வேலை நாளைக் குறைத்தார். பிறகு வேலையே இல்லை என்றார். சன்னாசி அசரவில்லை. தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு பெட்டி அடித்துச் சைக்கிளில் கட்டி, பசறை பேக்கரியில் பாண் எடுத்து லயம் லயமாக விற்றார். வேலை இல்லாமலே ஆள் பிழைத்துக்கொண்டார். அந்தப் பிழைப்பை நிறுத்த ஒரே வழி சைக்கிளைப் பிடுங்குவது. அதற்கு ஆயுதத்தை நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

புத்தகத்தைத் திறந்தேன். நாலாவது வரி. தகட்டு இலக்கம், சட்ட இலக்கம், எல்லாம் சரி. பெயர்க் கட்டத்தில் என் கையெழுத்தில் ‘மேற்படி’. சாய்வு இல்லாத, நல்ல எழுத்து.

“பாத்துட்டுச் சொல்றேன், நாளைக்கு வாங்க” என்றேன்.

“நாளைக்கு அவரைக் கோட்டுக்குக் கொண்டு போயிட்டா?”

அவர் வெளியே வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தார். நான் மேசை லாச்சியைத் திறந்து பிளேடு எடுத்தேன். பழைய கிளாக்கர்மாருக்கு இந்த வித்தை தெரியும்: மை உலர்ந்த எழுத்தைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டி, நகத்தால் தேய்த்து மழுக்கி, அதன்மேல் வேறு எழுதினால் கண்டுபிடிக்க முடியாது. நாலே எழுத்து. ‘சன்னாசி’ என்பதற்கு இடமும் போதும். ‘மே’ சுரண்டியாகிவிட்டது.

கட்டை இரண்டு தட்டுத் தட்டியது.

“பிளேட்ட வை, மகன்.”

வைத்தேன். ஜாபிர் சேர் எழுந்து வந்து, வரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கில் இருந்த பெண்ணையும் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸைப் பற்றியும் சொன்னேன்.

“இத நீ மாத்தினா என்ன நடக்கும்? கங்காணிட்ட ரசீது ஈக்கி. அதுல பன்னெண்டு எண்டு ஈக்கி. பொத்தகத்துல பதினொண்டு. அப்ப நீயும் கள்ளன், சன்னாசியும் கள்ளன். இப்ப ஒரு கள்ளன்தான் ஈக்கி, அவனும் கள்ளனில்ல.”

“அப்ப என்ன சேர் செய்றது?”

அவர் கட்டையைப் புத்தகத்தின்மேல் வைத்து முதல் வரியிலிருந்து பன்னிரண்டாவது வரி வரை இறக்கினார்.

“நாலாவது வரி கங்காணிடது எண்டா, மத்த பதினொண்டும் ஆருட?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“இதக் கொண்டு போய்த் தோட்டத்துல வாசி. எல்லார்ட முன்னுக்கும். ஒரு வரியும் விடாம. மொதல்ல உன்ட பிழைய எழுதி எனக்கிட்டத் தா. அது மேலுக்குப் போகும். போனா உனக்கு நல்லதில்ல. எழுதிறதா இல்லையா எண்டு நீயே யோசி. நான் ளுஹர் தொழுதிட்டு வாறேன்.”

அவர் திரும்பி வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. பத்தொன்பதாவது நிமிடம் நான் எழுதத் தொடங்கினேன். அதற்கு முந்திய பதினெட்டு நிமிடமும் என்ன செய்தேன் என்றால், எனக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டு வாடகை, சம்பள ஏற்றம் ஜனவரியில், இவற்றைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். வாங்கில் மாரியாயி கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கடைசியில் எழுதினேன்: ‘சொந்தக்காரர் எவரையும் நான் விசாரிக்கவில்லை. பெயர்க் கட்டத்திலுள்ள பன்னிரண்டு பதிவும் நம்பத்தக்கதல்ல. தவறு என்னுடையது.’ சுரண்டிய ‘மே’யையும் விடாமல் குறிப்பிட்டேன். சேர் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

மறுநாள் காலை ஆறரைக்குப் பெரட்டுக் களத்தில் நின்றேன். தோட்ட நிர்வாகியான துரையிடம் வாத்தியார் மூலம் அனுமதி வாங்கியிருந்தேன். கங்காணி குடையை ஊன்றிக்கொண்டு, “என்னாங்கய்யா, இந்த வருசத்துத் தகடு முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்கே” என்றார்.

“புத்தகத்தை வாசிக்கச் சொல்லி உத்தரவு” என்றேன்.

வாசித்தேன். “தகடு நானூற்றுப் பதினொன்று. சொந்தக்காரர் கே. பெரியண்ணன். தகடு நானூற்றுப் பன்னிரண்டு. சொந்தக்காரர் மேற்படி, அதாவது கே. பெரியண்ணன். தகடு நானூற்றுப் பதின்மூன்று...”

மூன்றாவதில் ஒருவர் கையைத் தூக்கினார். வேலு என்று பெயர், மருந்தடிக்கும் ஆள். “நில்லுங்கய்யா. நானூத்திப் பதிமூணு என்னோடது. அதுல தகடு கட்டுனதே நானு.”

“புத்தகத்தில் அவர் பெயர்தான் இருக்கு. நான் பிழையாக எழுதிட்டேன்.”

“அப்ப என் சைக்கிளும் கங்காணியோடதா?”

“புத்தகப்படி, ஆமா.”

வேலு கங்காணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அய்யா, எம் பொண்டாட்டி பேரு எந்த வரியிலயாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிருங்க, சோறு யாருக்கு ஆக்குறதுன்னு கேட்டுக்குவா.”

பெண்கள் பக்கமிருந்துதான் முதலில் சிரிப்பு வந்தது. கங்காணி குடையைத் தரையில் குத்தினார். “ஏய், வேலு! உன் சைக்கிளை எவன்டா கேட்டான்? நான் கேட்டது அந்தச் சன்னாசிப்பயலோடதை மட்டுந்தான்!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. ‘சன்னாசிப்பயலோடது.’ நூற்றைம்பது பேர் கேட்டார்கள். நான் மீதியையும் வாசித்தேன். ஒரு வரியும் விடாமல் வாசிக்கத்தான் எனக்கு உத்தரவு.

“இன்னைக்கு எம் பேரு போனாலும் பரவால்ல” என்று வேலு சைக்கிளை எடுத்தார். பதினொரு பேரும் எடுத்தார்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டு, தூறலில் பசறைக்கு இறங்கினார்கள். பின் பிரேக் இல்லாத மூவரும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். நான் பஸ்ஸில் போனேன். வளைவுகளில் அவர்களை நாலு முறை கண்டேன்.

பொலிஸ் நிலையத்து முற்றத்தில் பதினொரு சைக்கிளும் கவிழ்த்து வைக்கப்பட்டன. நான் உரசி வைத்திருந்த தாள்களோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டேன். பொறுப்பதிகாரி சிங்களவர், பொறுமையான ஆள். மாலைக்குள் கங்காணியையும் அழைத்து, இந்தப் பதினொன்றையும் கேட்கிறீரா, இல்லையா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இல்லை என்றார். அப்படியானால் பன்னிரண்டாவதை மட்டும் எப்படிக் கேட்கிறீர் என்றார். கங்காணி, “ஞாபகப் பிசகுங்க” என்று முறைப்பாட்டை மீட்டுக்கொண்டார். சன்னாசி வெளியே வந்தார். தாடி வளர்ந்திருந்தது. என்னிடம் நன்றி சொல்லவில்லை, அது சரிதான். சைக்கிளைத்தான் முதலில் பார்த்தார். பாண் பெட்டி மழையில் ஊறி வாய் பிளந்திருந்தது.

“எழுதுனது நீங்கதானே?” என்றார்.

“ஆமா.”

“எனக்கும் பேரு இருக்குங்கய்யா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை, சம்பளம் போகாத நாளில், மறுபடி போனேன். ஒவ்வொருவரும் தன் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று, தன் வாயால் தன் பெயரைச் சொன்னார். முகவரிக் கட்டத்தில் ‘மேற்பிரிவு, மூன்றாம் லயம், ஐந்தாவது காம்பரா’ என்று எழுதினேன். யாரும் அப்படி எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. யாரும் அதுவரை எழுதிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டு பேருக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம் எடுத்தது. பஸ் போய்விட்டது. நடந்தேன்.

தகடு கொடுக்கும் வழக்கம் பிறகு தானாகவே தேய்ந்து நின்றது. வசூலைவிடத் தகரத்துக்குச் செலவு கூடிவிட்டது என்றார்கள். இப்போது திரும்ப வருகிறது.

தர்ஷினி பிள்ளை, கேட்ட கேள்விக்கு என் பதில்: பதிவு வேண்டும். களவு போன சைக்கிளைக் கண்டுபிடிக்கச் சட்ட இலக்கம் உள்ள ஒரு புத்தகத்தைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் கட்டாயம் முதலில் சபைக்கு, பிறகுதான் சொந்தக்காரருக்கு. அலுவலர் லயத்துக்குப் போக வேண்டும், அதுவும் வேலை இல்லாத நாளில். ஆளையும் சைக்கிளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்காமல் ஒரு வரியும் எழுதக்கூடாது. பட்டியல் வாங்கக்கூடாது: கங்காணியிடமோ, தோட்டத்து ஆபிசிடமோ, சங்கத்திடமோ, கணினியில் ஏற்றித் தரும் கடைக்காரரிடமோ. பதிவில்லாத சைக்கிளைக் காரணம் காட்டி ஒருவரைக் கள்ளன் என்று பிடிக்கக்கூடாது. புத்தகம் ஒரு சாட்சி மட்டும், அதுவும் பிழை விடக்கூடிய சாட்சி. இந்த நாலும் முடியாது என்றால் திட்டத்தை இன்றே கைவிடுங்கள். அரைகுறையாகச் செய்யும் பதிவைவிடப் பதிவே இல்லாமல் இருப்பது ஏழைக்கு நல்லது. இதில் நான் ஒரு சொல்லும் குறைக்க மாட்டேன். செயலாளர் வேண்டுமானால் என்னைக் கூப்பிட்டுக் கேட்கட்டும், வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய படிவத்தின் கடைசிக் கேள்வி, ஒரு சைக்கிளைச் சரியாகப் பதிய எவ்வளவு செலவாகும் என்பது. சபைக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பிழையாகப் பதிந்தால் எவ்வளவு என்று தெரியும். என் கடிதம் மேலே போனது. ஜனவரி சம்பள ஏற்றத்தை ஒரு வருடம் பிற்போட்டார்கள். அந்த ஒரு படி கடைசிவரை பின்னாலேயே நின்றது. ஓய்வு பெறும் நாள் வரை சம்பளத்தில் குறைந்தது 38,460 ரூபாய். ஓய்வூதியத்தில், இந்த 2025 ஆகஸ்ட் வரை எண்பத்தெட்டு மாதத்தில், 16,720. பஸ் கட்டணமும் முத்திரையும் 46. மொத்தம் ஐம்பத்தையாயிரத்து இருநூற்று இருபத்தாறு ரூபாய்.